பின்வளவில் தொடங்கிய சேவை

வணக்கம் நேயர்களே. முப்பது வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர்ப்பேச்சில் பி.எச்.ஐ.யாக, வேலை பார்த்தவன் நான். படலையைத் திறந்தாலே, "ஐயா கக்கூஸ் பார்க்க வந்திட்டார்" என்பார்கள். அந்த உத்தியோகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்றொரு கவுண்டி. நம்முடைய மாவட்டம் மாதிரி. வாய்க்கால் பாசனத்தில் அப்பிள் விளையும் செழித்த பள்ளத்தாக்கு. ஆனால் நெருப்புக் காய்ச்சல் விடவில்லை. 1911இல் மத்திய சுகாதார சேவையிலிருந்து லம்ஸ்டன் என்ற வைத்தியர் வந்து பின்வளவுகளைப் பார்த்தார். மூடாத கக்கூஸ், அதில் மொய்க்கும் ஈ, அதே ஈ குசினியில். முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு சுகாதார அதிகாரியை வையுங்கள் என்றார். பல கவுண்டிகளில் அதுவரை அது தனியார் வைத்தியர் ஒருவர் இடைநேரத்தில் செய்த வேலை. காசு கொடுத்து மருந்துக்கு வருகிறவரின் கக்கூஸைக் குறை சொல்ல எந்த வைத்தியருக்கு மனம் வரும்?

யாக்கிமா அதே ஆண்டில் முழுநேரச் சேவையைத் தொடங்கியது. வட கரோலினாவின் கில்ஃபோர்ட் கவுண்டியும் அப்படியே. கென்டக்கியின் ஜெபர்சன் கவுண்டியோ 1908 என்கிறது. யார் முதல் என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

அமெரிக்காவின் தெற்கில் வேறு வில்லங்கம்: கொக்கிப்புழு. மலம் கலந்த மண்ணை வெறுங்காலில் மிதித்தால் தோல்வழியே ஏறி, குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். வெளிறிச் சோர்ந்த சனத்தைப் பார்த்து, பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' என்று கேலி எழுதின. 1909இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ரொக்பெல்லர் 10 லட்சம் டொலர் கொடுக்க, 11 மாநிலங்களில் கவுண்டி கவுண்டியாக முகாம் போட்டார்கள். திருவிழாவுக்குப் போவதுபோல் வண்டி கட்டி, சோற்றுமூட்டையோடு வந்தது சனம்; கையில் மலம் வைத்த சின்னப் பெட்டி. நுணுக்குக்காட்டியில் புழுவின் முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலர் நம்பினார்கள். முதல் நாள் இரவு பேதி உப்பு, காலையில் தைமோல் என்ற மருந்து. நம் ஓமத்துக்கு வாசம் கொடுக்கிற அதே சரக்குத்தான். அன்றைக்குச் சாராயமும் கொழுப்பும் ஆகாது.

புழு போனது, கக்கூஸ் இல்லாத வீட்டில் திரும்பி வந்தது. 1914இல் முகாம்கள் முடிந்தபோது, கவுண்டியிலேயே நிரந்தரமாக ஆள் இருக்கவேண்டும் என்பது புரிந்துவிட்டது. அப்புறம் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசின் பணத்தையும் திறந்துவிட்டது.

அதே ரொக்பெல்லர் ஆட்கள் 1916இல் நம் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொக்கிப்புழுவைத் தேடி வந்தார்கள். 1926இல், அவர்கள் உதவியோடு, களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு பகுதிக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பி.எச்.ஐ., மருத்துவமாது என்ற அந்த அமைப்பில்தான் நானும் சம்பளம் வாங்கினேன்.

என் சைக்கிள் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். கிணற்றடியில் ஒரு நுனியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுநுனியோடு கக்கூஸ் குழியை நோக்கி நடப்பேன்; இரண்டுக்கும் இடையே போதிய தூரம் இருக்கவேண்டும். நாடாவை இழுத்துப் பிடிக்காமல் தொய்யவிட்டு அடி கூட்டப் பார்த்தவர்களும் உண்டு.