பேசாத ஆட்டம்

அவையோர்க்கு வணக்கம்.

அம்மானையை நாம் அறிவோம். காய்களை மேலே எறிந்து பிடித்தபடியே பெண்கள் பாடுவார்கள். கேள்வியும் விடையுமாகப் பாட்டு வளரும். கைக்கும் வாய்க்கும் சேர்ந்தே வேலை வைக்கும் விளையாட்டு அது. இன்று நான் பேசவிருப்பது, அதே வித்தையை வாய் திறக்காமல் செய்து ஊர் ஊராகப் பிழைத்த மேடைக் கலைஞர்களைப் பற்றி.

அமெரிக்காவில் 1880களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை கொடிகட்டிப் பறந்தது வாட்வில். பாட்டு, நகைச்சுவை, நாய் வித்தை, குறுநாடகம் என எட்டு, ஒன்பது உருப்படிகள் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும். பந்து வித்தைக்காரருக்கும் தட்டுச் சுழற்றுபவருக்கும் பெரும்பாலும் முதல் இடம். அது இல்லையென்றால் கடைசி இடம். முதல் இடம் என்றதும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். ஜனங்கள் அப்போதுதான் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள், நாற்காலிகள் சத்தமிடும். பேச்சு எடுபடாத நேரம் என்பதால் பேசாதவர்களை அங்கே நிறுத்தினார்கள். கடைசி உருப்படியின்போதோ பாதிப்பேர் வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைப் பார்க்கும் மிருதங்க வித்துவானின் மனம் எப்படி இருக்கும்? இவர்களுக்கு அதுவே அன்றாடம். தொழிலில் இருந்தவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஊமை ஆட்டம்’. அந்தப் பெயர் எனக்கு வலிக்கிறது.

அவர்களுடைய வாரம் திங்கட்கிழமை காலையில் தொடங்கும். பெட்டியோடு புது அரங்கில் வந்து இறங்கி, இசைக்குழுத் தலைவரிடம் இசைத்தாளைக் கொடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். பாடகருக்கு அதோடு கவலை தீர்ந்தது. வித்தைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். கூரை எவ்வளவு உயரம்? பந்து உச்சிக்குப் போகும் இடத்தில் விளக்கு கண்ணில் அடிக்குமா? தரை முன்பக்கம் சரிகிறதா? போன வாரம் கை பழகிய எதுவும் இந்த வாரம் அப்படியே இருக்காது. பிற்பகலில் முதல் காட்சி. பல ஊர்களில் வாட்வில் அரங்குகளை நடத்திய கீத் நிறுவனத்தின் அரங்குகளில் மேலாளர் அதைப் பார்த்து ஒவ்வோர் உருப்படி பற்றியும் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதுவார். அந்த நாலைந்து வரிகளில்தான் அடுத்த ஒப்பந்தம் தொங்கிக்கொண்டிருந்தது. வாரம் முடிந்ததும் ரயில். ஏறக்குறைய பத்து நிமிட ஆட்டம்தான். அதையே ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். ஆட்டம் மாறவில்லை, ஊர் மாறியது.

பேச்சு இல்லாததால் இவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம் ஒன்று உண்டு. கடல் தாண்டினாலும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பின்னாளில் திரைப்பட நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், நாடோடி வேடத்தில் சுருட்டுப் பெட்டிகளை வைத்து வித்தை காட்டியே ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் சுற்றினார். என்ரிகோ ராஸ்டெல்லி, ரஷ்யாவின் சமாராவில் 1896இல் பிறந்த இத்தாலியர். பத்துப் பந்துகளை ஆகாயத்தில் நிறுத்தியவர். 1931இல், 35 வயது நிறைவதற்குள் மறைந்தார்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பால் சின்குவெல்லியிடம். இன்று போலந்தில் இருக்கும் லெஷ்னோவில் 1859இல் பிறந்தவர். இளமையில் ஊஞ்சல் வித்தையில் விழுந்து அடிபட்ட பிறகு எறிந்து பிடிக்கும் வித்தைக்கு வந்தார். பைகள் தைத்த சட்டை அணிந்து, தன் உடம்பையே பில்லியர்ட்ஸ் மேசையாக்கிப் பந்துகளை உருட்டி விளையாடினார். 1912இல் லண்டன் பேலஸ் அரங்கில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சிக்கும் அவரை அழைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. இவர் ஜெர்மானியர் என்ற பேச்சு பரவியது; அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. கைதட்டிய லண்டனே முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1915இல் மேடையை விட்டார், 1918இல் லண்டனிலேயே காலமானார். மேடையில் வார்த்தையை நம்பிப் பிழைக்காத மனிதரை, ஊரார் வாயில் புழங்கிய ஒரு வார்த்தை வீழ்த்தியது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

பேசும் படம் வந்தபின் வாட்வில் நிலைக்கவில்லை. அதன் தலைமைக் கோயிலாக இருந்த நியூயார்க் பேலஸ் அரங்கும் 1932இல் திரைப்படத்துக்கு மாறியது. ஃபீல்ட்ஸ் அதற்கு வெகுமுன்பே மேடையில் பேசத் தொடங்கியிருந்தார், பிழைத்துக்கொண்டார்.

தட்டுச் சுழற்றுபவர்களில் சிலர் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எரிக் பிரென் என்ற ஆஸ்திரியர் செய்ததன் பதிவு இன்றும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் கோல்களின் நுனியில் கண்ணாடிக் கிண்ணங்கள், பக்கத்து மேசையில் தட்டுகள். வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவதைப் போல, சுழற்சி தளர்ந்த கிண்ணமும் தள்ளாடத் தொடங்கும். விழுவதற்குள் அவர் ஓடிவந்து கோலை உலுக்கி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்னொன்று தள்ளாடும். இந்த வித்தையை நேரில் பார்ப்பவர்களால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆடுபவர் ஒரு முனையில் இருப்பார், மறுமுனையில் தட்டு சாயும். உடனே கூட்டத்திலிருந்து குழந்தைகளும் பெரியவர்களும் கை நீட்டிக் கத்துவார்கள்: “அதோ, அந்தக் கடைசித் தட்டு!”