பித்தளைத் தூரிகையால் என் காரைத் தேய்த்தேன்: கீறல் எங்கே போனது?

(காட்சி: பானெட்டின் மேல் பித்தளைக் கம்பித் தூரிகை)

இது என் சொந்தக் கார். தேய்க்கிறேன், பாருங்கள். சரக், சரக். ஜன்னல் வழியாக என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்துவிட்டன. இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அதைச் சொன்னவரிடம் புதுக் கார் இருந்திருக்காது.

பாடத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, நிறம் பிடிக்க அடிப்பூச்சான பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடிக் கனம். இதை நம்பித்தான் லாரிக்குப் பின்னால் பறக்கிறோம். வேகம் இரட்டிப்பானால் கல் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. கடுகளவு கல் போதும், பெயின்ட் தெறித்துவிடும். இரும்புத் தகடு வெளியே தெரிந்தால் துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும்.

இதைத் தடுக்கப் பெயின்டின் மேல் ஒட்டுவதுதான் பிபிஎஃப், அதாவது பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்ற நிறமற்ற படலம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணல் அரிக்காமலிருக்க ஒட்டியதிலிருந்து வந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கல்லைத் தடுக்கக் கெட்டியான பொருள்தான் வேண்டும் என்று நினைப்போம். நேர்மாறு! கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையை விறைப்பாக நீட்டுவதில்லை. பந்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து வாங்குகிறார். இந்தப் படலமும் அதையே செய்கிறது. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள, ரப்பர்போல் நெகிழும் பாலியூரிதேன். கல் மோதியதும் அமுங்கி, அடியைப் பரவலாக வாங்கி, மீண்டு எழுகிறது. பெயின்டின் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங் கெட்டிதான். ஆனால் கனம் ஓரிரு மைக்ரான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும். அது கல்லடியையும் தடுக்கும் என்று யாராவது விற்றால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் பம்பரில் எத்தனை கல்லடி? எண்ணிக் கீழே எழுதுங்கள். என் பழைய காரில் 23!

கார் முழுக்க ஒட்டவேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். முன்பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி போதும். கூடவே கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி. குனிந்து பாருங்கள், பிறை பிறையாக நகக்கீறல்கள் இருக்கும். எல்லாம் நம் நகம்தான்.

ஒட்டுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: படலத்தைக் கணினியில் அளவெடுத்து வெட்டி வருகிறாரா, காரின் மேலேயே வைத்து அறுக்கிறாரா? என் பழைய காரில் மேலேயே வைத்து அறுத்தார்கள். படலத்தை உரித்த நாளில் பானெட்டின் ஓரம் முழுக்கப் பிளேடு போட்ட கோடு. மறுபெயின்ட் அடித்த பாகமென்றால் இன்னும் கவனம். உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்துவிடலாம்.

(காட்சி: கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றப்படுகிறது)

சரி, நம் கோடுகள். ஊற்றுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று... மறைகின்றன! சூடு பட்டதும், பானெட்டில் நான் ஒட்டியிருக்கும் படலத்தின் மேல்பூச்சு தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. வெயிலில் நிறுத்தினாலும் மெதுவாக இதுவே நடக்கும்.

ஒரே ஒரு கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. கொஞ்சம் அழுத்திவிட்டேன்போல, படலமே கிழிந்திருக்கிறது. இது எத்தனை கெட்டில் ஊற்றினாலும் ஆறாது, அந்தப் பகுதிப் படலத்தையே மாற்றவேண்டும். ஜன்னலில் மனைவியைக் காணவில்லை. வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. கேமராவை அணைக்கிறேன்.