எனக்காகக் கொஞ்சம் சாமி கும்பிடு என்று கேட்டால்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் என் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தாதி. இப்போது அந்திமகாலப் பராமரிப்பில் தொண்டூழியராக இருக்கிறேன். கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை, சின்ன வயதிலிருந்தே இல்லை. என் அப்பா தமிழர் சீர்திருத்தச் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது, 1932இல் இங்கே அந்தச் சங்கம் உருவானது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியது எல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அந்த வீட்டில் வளர்ந்த நான் இன்றைக்கு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன். சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவர் "என்கூடப் பிரார்த்தனை பண்ணு" என்று கேட்டால், நம்பிக்கை இல்லாதவரும் பண்ண வேண்டும். ஒதுங்கிப் போகக்கூடாது.

இது எப்போதோ ஒருவருக்கு வரும் சங்கடம் என்று நினைக்காதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் ஒருவர் தமக்குச் சமயம் இல்லை என்றார்கள். தமிழர்களிடையே அப்படி எழுதிக்கொடுப்பவர்கள் குறைவுதான். ஆனால் படிவத்தில் "இந்து" என்று எழுதிவிட்டு மனதுக்குள் எதையும் நம்பாத பிள்ளைகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளின் அம்மாவும் அப்பாவும் பக்திமான்கள். மருத்துவமனை வார்டில் படுக்கையருகே இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான். அல்லது பிலிப்பீன்ஸிலிருந்து வந்த தாதி, மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. ஒரே நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் சூழ்ந்திருக்க உயிர் பிரிவது இந்த ஊரில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் வேலை பார்த்தவர். ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு. மனைவி முன்பே போய்விட்டார். மகன் வேலைக்குப் போகும் நேரத்தில் நாங்கள் மாறி மாறிப் போய் உட்காருவோம். பார்வை மங்கிவிட்டது, புத்தகத்தைத் தூக்கக் கைகளில் வலு இல்லை. ஒருநாள் மதியம் தலைமாட்டிலிருந்த சின்னப் புத்தகத்தைக் காட்டி, சிவபுராணம் படிக்கச் சொன்னார். நான் யார், எப்படிப்பட்டவள் என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் அவரே சொன்னார்: "நீ திருநீறு பூச வேண்டாம்மா, படிச்சாப் போதும்."

படித்தேன். 95 அடிகள். எனக்கு ஒரு வரி முன்னால் அவர் உதடு போய்க்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை, உதடு மட்டும். பாதி வயதுக்குமேல் தினமும் சொல்லி வந்த பாட்டு. மூச்சு போதாமல் அவரிடம் நின்றுபோனதை வேறொருவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நம்புகிறேனா இல்லையா என்பதற்கு அந்த அறையில் இடமே இல்லை.

என் பக்கத்து நண்பர்கள், அதாவது நம்பிக்கையில்லாத நண்பர்கள், இதை ஒப்புக்கொள்வதில்லை. "இது பொய் இல்லையா? நம்பாத ஒன்றை வாயால் சொல்வது சுயமரியாதையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பேத்தி படித்துக் காட்டுகிறாள். "அன்புள்ள மனைவிக்கு" என்று தொடங்கினால் பேத்தி பொய் சொன்னதாக யாராவது சொல்வோமா? அந்தச் சொற்கள் யாருடையவை என்று இருவருக்கும் தெரியும். பொய் என்றால் யாராவது ஏமாற வேண்டும். ஈசூன் பெரியவர் ஏமாறவில்லை, நானும் ஏமாற்றவில்லை.

ஆனால் எல்லாம் இப்படிச் சுலபமாக இருக்காது. "நீ நம்புறியாம்மா?" என்று நேராகவே கேட்பவர்கள் உண்டு. அப்போது பூசி மெழுகக்கூடாது. "எனக்கு அந்த நம்பிக்கை இல்லை ஐயா. உங்களுக்கு இருக்கிறது. உங்களுக்காகப் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு "அப்படியானால் வேண்டாம்" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதுவும் அவர்கள் உரிமை.

இன்னும் கடினமானது, எழுதி வைத்த பாட்டோ மந்திரமோ இல்லாமல் "நீயே சொந்தமா ஜெபம் பண்ணு" என்று கேட்பது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்களிடம் இது சகஜம். 23ஆம் சங்கீதத்தைப் படிக்கச் சொன்னால் படித்துவிடலாம். சொந்தமாக ஜெபிப்பது என்றால் என் மனதிலிருந்து வர வேண்டும், என் மனதில் அது இல்லை. நான் செய்வது இதுதான். "என்ன கேட்கணும், சொல்லுங்க" என்று அவரையே கேட்பேன். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகணும், தம்பியோடு சண்டை தீரணும், வலி தெரியாமப் போகணும் என்று சொல்வார்கள். அதை அப்படியே, அவர் பெயரைச் சொல்லி, "இவர் இதைக் கேட்கிறார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்வேன். இப்படிச் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அவர் கேட்டதும் நடந்துவிடுகிறது. அதோடு, அந்த மூன்று ஆசைகளும் வெளியே வருகின்றன. வலியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம், தம்பிக்கு போன் போட்டு வரச்சொல்லலாம்.

வலி என்றதும் சிசிலி சாண்டர்ஸ் நினைவுக்கு வருகிறார். தாதியாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவரானவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். சாகிறவரின் வலி உடம்போடு முடிவதில்லை, மனதின் வலி, குடும்ப உறவுகளின் வலி, ஆன்மாவின் வலி எல்லாம் சேர்ந்த முழு வலி அது என்று மருத்துவ உலகுக்குக் கற்றுத்தந்தவர் அவர். ஆன்மா என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் "நான் யாருக்குமே வேண்டாதவனாகப் போகிறேனா", "என் பாவத்துக்கு மன்னிப்பு உண்டா" என்று இரவு முழுக்கத் தூங்காமல் கிடப்பவரைப் பார்த்திருக்கிறேன். மார்ஃபின் அளவைக் கூட்டினால் அது அடங்குவதில்லை. இங்கே 1985இல் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் கன்னியாஸ்திரீகள் இந்தப் பணியைத் தொடங்கினார்கள், பின்னர் 1992இல் எந்தச் சமயத்தையும் சாராமல் டோவர் பார்க் பராமரிப்பு இல்லம் வந்தது. இரு வகை இடங்களிலும் நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டு வைத்துக்கொள்வதைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறார்கள்.

பிரார்த்தனை நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2006இல் முடிவு வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து ஜெபித்ததால் நோயாளிகளுக்கு ஒரு பயனும் தெரியவில்லை. சரி. ஆனால் ஈசூன் பெரியவர் பிழைக்க வேண்டும் என்று படிக்கச் சொல்லவில்லையே! துணைக்கு ஒரு குரல் கேட்டார்.

"யூடியூப்பில் போட்டுவிட்டால் போதாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். அதுவும் செய்யலாம், பல வீடுகளில் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் யூடியூப் இருக்கும்போதே அவர் உங்களைக் கேட்கிறார். அவர் மூச்சு திணறினால் யூடியூப் நிற்காது, நீங்கள் நிறுத்துவீர்கள். கண் மூடிப் பேச்சற்றுக் கிடந்தாலும் கேட்குமா என்றால், 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கடைசி மணிநேரங்களில் அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளை, ஒலி மாறும்போது அதற்கேற்ப வினையாற்றியதை மூளையின் மின் அலைப் பதிவில் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்களா என்று அந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. ஒலி போய்ச் சேர்ந்தது என்பதே எனக்குப் போதும், நான் படிப்பதை நிறுத்த மாட்டேன்.

பெரியாரை முன்னால் வைத்து என்னோடு வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குன்றக்குடி அடிகளார் திருநீறு கொடுத்தபோது பெரியார் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட செய்தியை நம்மில் பலர் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதனால் அவர் கொள்கை ஒரு நூல்கூடத் தளரவில்லை. நல்ல உடல்நிலையில் எதிரே நின்ற ஒரு துறவிக்கே அவ்வளவு மரியாதை காட்டினார். நாளைக்கு இருப்பாரா என்று தெரியாத உங்கள் அம்மாவுக்கு நீங்கள் காட்டக்கூடாதா?

மறுபக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும். நம்பாதவள் வாயில் வந்தால் அது பிரார்த்தனையே ஆகாது என்பார்கள். சிவபுராணமே பாட்டின் பொருளுணர்ந்து சொல்லச் சொல்கிறது என்று ஓர் ஓதுவார் எனக்கு எடுத்துக்காட்டினார். பொருள் எனக்குத் தெரியும் ஐயா, அது தமிழ்தானே என்றேன். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. உயிர் போகும் நேரத்தில் உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் என்று பெரியாழ்வார் அரங்கனிடம் பாடி வைத்தார். அந்த நேரத்தில் நாக்கு எழாது என்று பக்தர்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படி நாக்கு எழாதவருக்கு இன்னொருவர் நாக்கு உதவினால் என்ன குறை?

எல்லை இல்லாமல் சொல்லவில்லை. இறைவன் ஒருவனே, முகம்மது அவன் தூதர் என்று சொல்லும் கலிமா ஒரு சாட்சியம். முஸ்லிம் ஒருவர் கேட்டால் அதை நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தையோ பள்ளிவாசலையோ தொலைபேசியில் பிடித்து, சொல்லக்கூடியவரை வரவழைக்க ஓடுவேன், வரும்வரை குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதும் பதிவை வைத்துவிட்டுக் கூடவே இருப்பேன். கத்தோலிக்கரின் நோயில் பூசுதல் பாதிரியாருக்கு மட்டுமே உரியது. ஆனால் செபமாலையில் வரும் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைக் கூடச் சேர்ந்து சொல்ல யாருக்கும் தடையில்லை. இன்னொன்று, கேட்காமல் தொடங்கவே கூடாது. தாதியரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்வேன். நோயாளி பலவீனமாக இருக்கும்போது தன் சாமியை அவர் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்துவது அத்துமீறல், அது எந்தச் சாமியாக இருந்தாலும்.

இந்தக் கண்டிப்பு எங்களைப் போன்றவர்கள் சாகும்போதும் வேண்டும். வாழ்நாள் முழுக்க நம்பாமல் இருந்த மனிதர் நினைவிழந்ததும், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று திருநீறு பூசி, தீர்த்தம் ஊற்றுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் அவர் பேச முடிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஆகவே பேச முடிகிறபோதே பேசி வையுங்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்று இங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பலரும் சுவாசக் கருவி, மருத்துவமனை, வீடு என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். தலைமாட்டில் என்ன ஒலிக்க வேண்டும், என்ன வேண்டாம் என்பதையும் சொல்லி எழுதி வைக்கலாம்.

நான் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிரார்த்தனை வேண்டாம், தமிழ் முரசு படித்துக் காட்டினால் போதும் என்று. என் தங்கை தினமும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தேன்: அவள் வரவேற்பறையில் விளக்கேற்றிப் பாசுரம் பாடலாம், யாரும் தடுக்கக்கூடாது. அதைப் படித்துவிட்டு அவள், "கதவைத் திறந்து வச்சுப் பாடலாமா அக்கா?" என்று கேட்டாள். திறந்து வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.