காரைப் பிரித்து ஆளை எடுப்பவர்கள்: விக்டோரியாவின் தன்னார்வ விபத்து மீட்புக் குழுக்கள்

[காட்சி: இரவு. இருவழிச் சாலை. இரு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள். தூரத்தில் சிவப்பு, நீல விளக்குகள் சுழல்கின்றன.]

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னை விட்டு மூன்று மணி நேரம் காரில் போனால் ஊர்கள் சிறுத்துவிடும். கோதுமைக் கிடங்கு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். சாலையோ நேராகப் போகும், வேக வரம்பு 100 கிலோமீட்டர். அங்கே ஒரு கார் மரத்தில் மோதி, ஓட்டியவரின் கால் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அவரை வெளியே எடுக்க யார் வருவார்கள்?

பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள். பால் பண்ணை வைத்திருப்பவர், எலக்ட்ரீஷியன், பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். ஒருவருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. பேஜர் அலறியதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு நிலையத்துக்கு ஓடி, ஆரஞ்சு நிறச் சீருடையை மாட்டிக்கொண்டு லாரியில் ஏறுகிறார்கள்.

இவர்களின் அமைப்பு விக்டோரியா ஸ்டேட் எமர்ஜென்சி சர்வீஸ், சுருக்கமாக எஸ்இஎஸ். 1950ல் போர்க்கால மக்கள் பாதுகாப்புப் படையாகத் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்கச் சுமார் 150 கிளைகள், ஏறக்குறைய 5,000 தன்னார்வலர்கள். வெள்ளம், புயல் என்றாலும் இவர்கள்தான் வருவார்கள். அந்தக் கிளைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை சாலை விபத்து மீட்புக்கு அங்கீகாரம் பெற்றவை. சில இடங்களில் தீயணைப்புத் துறைகள் இதைச் செய்கின்றன. ஷெப்பர்டன், எச்சுக்கா–மோமா ஆகிய ஊர்களில் எந்த அரசுத் துறையின் கிளையாகவும் இல்லாமல் ஊர்மக்களே நடத்தும் தனி மீட்புக் குழுக்கள் உண்டு.

இதைத் தன்னார்வலர்கள் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், காரணம் தூரம். ஆஸ்திரேலியாவின் சாலை மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெருநகரங்களுக்கு வெளியே நடக்கிறது. அந்த ஊர்களில் முழுநேரச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் பல நாட்கள் வேலையே இருக்காது. ஆனால் வேலை வரும் நாளில் நகரத்திலிருந்து குழு வரும் வரை காத்திருக்கவும் முடியாது.

[காட்சி: மீட்பு லாரியின் பக்கக் கதவுகள் மேலே சுருண்டு திறக்கின்றன.]

லாரியைப் பார்ப்போம். ஹினோ, இசுசு மாதிரியான சாதாரண லாரி அடித்தளத்தின் மேல் கட்டிய பெட்டி. இரு பக்கமும் அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் வைத்திருப்பார்கள். இருட்டில் கை தானாகப் போக வேண்டிய இடம் அது. கூரையில் உயர்த்தக்கூடிய விளக்குக் கம்பம். தீயணைப்பு வண்டி போல இதில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்காது. அதனால்தான் ஆள் சிக்கிய விபத்துக்குத் தீயணைப்பு வண்டியும் கூடவே வருகிறது. வெட்டும் வேலை முடியும் வரை ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்பார்.

லாரியை நிறுத்துவதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. வாகனங்கள் வரும் திசையில், விபத்துக்குச் சற்று முன்னால் சாய்வாக நிறுத்துகிறார்கள். பின்னால் வரும் யாராவது கவனிக்காமல் மோதினால், அடி லாரிக்கு விழும், வேலை செய்பவர்களுக்கு விழாது.

இனி கருவிகள். எல்லாருக்கும் தெரிந்த பெயர் ‘ஜாஸ் ஆஃப் லைஃப்’. அமெரிக்கரான ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1960களில் கார் பந்தயக் களத்துக்காக உருவாக்கிய ஹைட்ராலிக் கருவியிலிருந்து வந்த பெயர். இன்று ஹோல்மாட்ரோ, லூக்காஸ், வெபர் எனப் பல நிறுவனங்கள் செய்கின்றன. அடிப்படையில் மூன்று வகை: இரும்பை நறுக்கும் கட்டர், இடுக்கில் நுழைந்து விரிக்கும் ஸ்ப்ரெடர், நீண்டு தள்ளும் ராம். உள்ளே ஓடும் எண்ணெயின் அழுத்தம், ‘பார்’ என்ற அலகில் சொன்னால், சுமார் 700. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டரை பார் என்று நினைத்துக்கொண்டால், இதன் பலம் புரியும். முன்பெல்லாம் இவற்றுக்கு ஒரு பெட்ரோல் பம்பும் நீளமான குழாய்களும் வேண்டும். 2010க்குப் பிறகு பேட்டரியில் ஓடும் கருவிகள் பரவின. சாலையிலிருந்து சரிவில் உருண்ட காருக்கு ஒருவரே தூக்கிக்கொண்டு இறங்க முடிகிறது. சிக்கியவரின் காதருகே எஞ்சின் உறுமுவதும் இல்லை.

ஆனால் விபத்து இடத்தில் முதலில் கையில் எடுப்பது கட்டர் இல்லை. மரக்கட்டை.

[காட்சி: பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கார். ஒருவர் தொடாமல் சுற்றி நடக்கிறார்.]

குழுத் தலைவர் முதலில் காரைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடப்பார். எத்தனை பேர் இருக்கிறார்கள்? தூக்கி எறியப்பட்டவர் யாராவது புல்லில் கிடக்கிறாரா? மின்கம்பி அறுந்திருக்கிறதா? எரிபொருள் கசிகிறதா? அந்த நேரத்தில் மற்றவர்கள் காரின் அடியில் படிக்கட்டு வடிவக் கட்டைகளையும் ஆப்புகளையும் செருகுகிறார்கள். கார் சாய்ந்து கிடந்தால் உலோகத் தாங்குகோல்களைப் பட்டையால் இழுத்துக் கட்டுகிறார்கள். ஆடுகிற காரில் ஒரு பில்லரை, அதாவது கூரையைத் தாங்கும் தூணை வெட்டினால், அந்த அசைவு முழுக்க உள்ளே இருப்பவரின் உடைந்த எலும்புக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் பேட்டரி. கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை: மின்சாரத்தில் ஓடும் கண்ணாடியை இறக்கி, கதவுப் பூட்டைத் திறந்து, சீட்டைப் பின்னால் நகர்த்திவிட வேண்டும். மின்சாரம் போனபின் இதெல்லாம் நடக்காது. கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பவரைப் போர்வையால் மூடி, முகத்துக்குத் தூசிமுகமூடி போட்டபிறகுதான்.

இதற்கிடையில் ஒருவர் எப்படியாவது உள்ளே நுழைந்து, சிக்கியவருக்குப் பக்கத்தில் இருப்பார். ஆம்புலன்ஸ்காரராகவும் இருக்கலாம், குழுவில் ஒருவராகவும் இருக்கலாம். அவர் வேலை பேசுவது. “இப்போது பெரிய சத்தம் வரும், கதவைத்தான் பிரிக்கிறோம், நான் இங்கேயே இருக்கிறேன்.” குழுவில் இதுதான் மிகக் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன். கருவி பிடிப்பவர் இரும்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். இவருக்கு அந்த வசதி கிடையாது.

[காட்சி: காரின் குறுக்குவெட்டு வரைபடம். ஏ, பி, சி பில்லர்கள் ஒளிர்கின்றன.]

மீட்பின் அடிப்படை எண்ணம் இதுதான்: ஆளைக் காரிலிருந்து இழுக்கக் கூடாது, ஆளைச் சுற்றியுள்ள காரை விலக்க வேண்டும். கதவின் கீல் பக்கமோ பூட்டுப் பக்கமோ முதலில் ஒரு சின்ன இடுக்கு உண்டாக்கி, ஸ்ப்ரெடரை நுழைத்து விரித்தால் கதவு பிய்ந்து வரும். பில்லர்களை வெட்டினால் கூரையை மடக்கலாம், முழுதாகவும் தூக்கலாம். கால் மாட்டியிருந்தால், முன் கதவு மாட்டியிருந்த சட்டத்தின் அடிப்பகுதியில் ஒரு வெட்டு வெட்டி, ராமை வைத்து டேஷ்போர்டையே முன்னால் தள்ளுவார்கள். எப்போதும் இரண்டு திட்டம் கைவசம் இருக்கும். ஒன்று நிதானமாக, வசதியான வழியில் எடுப்பது. இன்னொன்று, அவர் நிலை திடீரென்று மோசமானால் அந்த நிமிடமே எடுப்பது.

சரி, வேலை தெரிந்துவிட்டதே, இனி என்ன சிக்கல்? கார் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த வீடியோவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுதான்.

பழைய கார்களின் சாதாரண எஃகு சுமார் 300 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும். இன்றைய கார்களில், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் பி பில்லரிலும் கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்திலும் இருக்கும் போரான் எஃகு தாங்குவது சுமார் 1,500. அதனால்தான் முன்பு இறந்திருக்கக்கூடியவர் இன்று உயிரோடு இருக்கிறார். அதே எஃகுதான் அவரை வெளியே விடாமலும் பிடித்துவைத்திருக்கிறது. இருபது வருடம் பழைய கட்டரைப் போட்டால் எஃகு வெட்டுப்படாது. அலகு நுனி உடைந்து தெறிக்கும். அப்போது வலுவான இடத்தை விட்டு, அதற்கு மேலோ பக்கத்திலோ மென்மையான இடம் தேட வேண்டும். எங்கே மென்மை என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு.

ஏர்பேக் இன்னொரு சங்கதி. பக்க ஜன்னலை மறைத்துத் திரைபோல் இறங்கும் ஏர்பேக்கை ஊத வைக்கும் வாயு உருளை பல கார்களில் கூரையின் ஓரத்திலோ பில்லரிலோ ஒளிந்திருக்கும். அழுத்தமாக அடைத்த உருளை. அதன் மேல் கட்டர் விழுந்தால் வெடித்துச் சிதறும். ஆகவே வெட்டுமுன் உள்பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிய்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும். ஊதாத ஏர்பேக் எந்த நொடியும் ஊதலாம் என்பதால் 30–60–90 என்று ஒரு விதி: பக்க ஏர்பேக்கிலிருந்து 30 சென்டிமீட்டர், ஸ்டியரிங்கிலிருந்து 60, முன் பயணி ஏர்பேக்கிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

மின்சாரக் கார் வந்தபின் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. எஞ்சின் சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டதா என்று காதால் தெரியாது, சக்கரத்தைக் கட்டையால் தடுத்தே ஆக வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிளில் 400, சில கார்களில் 800 வோல்ட் ஓடும். பேட்டரி சூடேறத் தொடங்கினால் அணைக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும், அணைந்தபின் மறுபடியும் பற்றலாம். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் தயாரான மின்சார, ஹைப்ரிட் கார்களின் நம்பர் பிளேட்டில் ‘இவி’ என்று நீல முக்கோண ஒட்டு இருக்கிறதே, அது மீட்புக் குழுவுக்காக வைத்தது. ஒவ்வொரு மாடலுக்கும் உருளை எங்கே, கேபிள் எங்கே, எங்கே வெட்டலாம் என்று காட்டும் வரைபடங்களும் இப்போது போன் செயலியில் கிடைக்கின்றன. ஆன்கேப் ரெஸ்க்யூ என்று பெயர்.

கார் மட்டுமல்ல, மருத்துவ அறிவும் மாறுகிறது. பல வருடங்களாக, சிக்கியவரின் முதுகெலும்பு ஒரு இம்மிகூட அசையக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காக நிதானமாகக் கூரை முழுவதையும் வெட்டினார்கள். பிரிட்டனில் 2021ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று வேறு விஷயம் சொன்னது. காரில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தண்டுவடக் காயம் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. நெஞ்சிலும் வயிற்றிலும் தலையிலும் பட்ட காயங்களோ நேரம் போகப்போக ஆளைக் கொல்பவை. முடிந்தவர் தானே மெல்ல இறங்கி வந்தால் முதுகெலும்பு அசைவதும் குறைவு என்று அதே ஆய்வாளர்களின் சோதனைகள் காட்டின. ஆகவே இப்போது, “உங்களால் இறங்க முடியுமா?” என்று கேட்பதே நல்ல மீட்பின் ஒரு பகுதி. பழைய பழக்கத்தை விடுவது புதிய கருவி வாங்குவதைவிடக் கஷ்டம்.

[காட்சி: நிலையத்தின் பின்புறம். பயிற்சி இரவு. பழைய கார் ஒன்றைச் சுற்றி ஆறேழு பேர்.]

இதையெல்லாம் கற்பது வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தபின். பயிற்சிக்குக் கிடைப்பது பழைய இரும்புக் கடைக்காரர் தரும் கார்கள். அவை பெரும்பாலும் இருபது வருடத்துக்கு முந்தையவை. போரான் எஃகும் இருக்காது, திரை ஏர்பேக்கும் இருக்காது. புதிய காரை வெட்டிப் பழக யார் கொடுப்பார்கள்? கடைசியில், ஒரு தன்னார்வலர் வாழ்க்கையில் முதல்முறையாகப் போரான் எஃகை வெட்டுவது உள்ளே ஆள் இருக்கும்போதுதான் என்று ஆகிவிடுகிறது. கார் நிறுவனங்கள் மோதல் சோதனை முடிந்த வண்டிகளை இந்தக் குழுக்களுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளைகளுக்கு அரசு நிதி உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் போதாது. உபகரணங்களுக்கென்று ஒரு மானியத் திட்டத்தில், ஊர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர் தரும். அந்த ஒரு டாலருக்காக இவர்கள் சனிக்கிழமை காலையில் கடை வாசலில் சாஸேஜ் வறுத்து விற்கிறார்கள், சிக்னலில் உண்டியல் குலுக்குகிறார்கள். ஊரும் குழுவும் நெருங்கியிருக்க அது உதவுகிறது என்பார்கள். இருக்கட்டும். ஓர் ஊரின் கட்டர் போரான் எஃகை வெட்டுமா என்பது எத்தனை சாஸேஜ் விற்றது என்பதைப் பொறுத்து இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவில் கண்விழித்து உழைப்பை இலவசமாகத் தருபவரிடம் கருவிக்கும் காசு திரட்டச் சொல்லக் கூடாது.

வேலை வழங்குபவர்களும் இதில் ஒரு பங்கு. 2009ன் ஃபேர் வொர்க் சட்டப்படி, அவசரப் பணிக்குப் போகும் தன்னார்வலருக்கு நியாயமான அளவு விடுப்பை மறுக்க முடியாது. ஆனால் அந்த விடுப்புக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

சின்ன ஊரில் இன்னொரு பாரமும் உண்டு. காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடலாம். அதனால் பல குழுக்களில், தெரிந்தவர் என்றால் தயங்காமல் பின்னால் விலகிக்கொள்ளலாம் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் லாரியைக் கழுவி, கருவிகளை அடுக்கி, யாரும் உடனே வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசுவார்கள். மறுநாள் சக தன்னார்வலர் ஒருவர் போன் செய்து விசாரிப்பார். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

[காட்சி: ஓட்டுநர் பார்வையில் சாலை. முன்னால் மினுங்கும் விளக்குகள்.]

ஆஸ்திரேலியாவில் வண்டி ஓட்டும் தமிழர்களுக்கு மட்டும் இரண்டு தகவல். விபத்தைப் பார்த்தால் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள். எமர்ஜென்சி பிளஸ் என்ற செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை எதுவும் இல்லாத சாலையிலும் நீங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், அதைப் படித்துச் சொன்னால் போதும். அடுத்தது, மினுங்கும் விளக்கோடு நிற்கும் மீட்பு வண்டியைக் கடக்கும்போது விக்டோரியாவில் வேகம் 40க்கு மேல் போகக் கூடாது. 2017 ஜூலையிலிருந்து சட்டம் அது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 25. வண்டிகளைத் தாண்டி முழுதாக வெளியே வந்தபிறகுதான் வேகம் எடுக்க வேண்டும்.