முதலில் மரத்திடம் கேள்

நடுவர் அவர்களுக்கும், சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். ‘மெந்தாவாய்க் காட்டைக் காப்பது சட்டமா, சடங்கா?’ சடங்குதான் என்று பேச வந்திருக்கிறேன். மெந்தாவாய் என்பது இந்தோனேசியாவின் ஒரு தீவுக்கூட்டம், சிபெருட் அதில் ஒரு தீவு.

எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று எண்களை அடுக்கினார். 1981-இல் சிபெருட் தீவு யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 1993-இல் அங்கே தேசியப் பூங்கா வந்தது. பூங்காவின் பரப்பு 1,90,500 ஹெக்டேர். மூன்றும் சரி. தீவின் மொத்தப் பரப்பே சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் என்பதால், ஏறக்குறைய பாதித் தீவு பூங்காவுக்குள் போய்விட்டது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். காப்பகம் என்று அறிவிக்கும் அளவுக்கு 1981-இல் அங்கே காடு இருந்ததே, அதுவரை அதை யார் காத்தார்கள்?

‘ஆள் குறைவு, கடல் தூரம், அதனால் காடு தப்பியது’ என்றார் நண்பர். சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன இந்தத் தீவுகள். சிபெருட், சிப்போரா, வடக்குப் பகாய், தெற்குப் பகாய் என்ற நான்கும் பெரியவை. சுமத்ராவிலிருந்து சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து கிடப்பதால், உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கினங்கள் அங்கே உண்டு. கடல் தூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1970-களில் வெட்டிய மரத்தை ஏற்றிப்போகும் கப்பல்கள் வந்தபோது அதே கடல் அவற்றைத் தடுக்கவில்லை. கப்பலில் வந்தவர்கள் கையில் உரிமம் இருந்தது. அந்த உரிமத்தைக் கொடுத்தது நண்பர் போற்றும் சட்டம்.

சடங்கு என்றதும் உடுக்கை, விபூதி என்று நினைத்துவிட வேண்டாம். மெந்தாவாய் மக்களின் நெறிக்குப் பெயர் அராட் சபுலுங்கான். ‘அராட்’ என்றால் வழக்கம், ‘புலு’ என்றால் இலை. பெயரிலேயே இலை இருக்கிற சமயம் அது. மனிதன், பன்றி, மரம், ஓடை, தோணி என எல்லாவற்றுக்கும் உயிர் உண்டு என்பது அதன் அடிப்படை. அவற்றோடு பேச இலைதான் தூதர். ஒரு குலத்தின் பொது வீட்டுக்கும் அந்தக் குலத்துக்கும் ஒரே பெயர், ‘உமா’. உமா என்றதும் அம்பிகையைத் தேட வேண்டாம், இது நெடிய மரவீடு. புதிதாக ஓர் உமாவை நிறுவும்போது தேர்ந்தெடுத்த செடிகளைக் கட்டிக் காப்பாக வைப்பார்கள். அந்தக் கட்டுத்தான் அவர்களுடைய மூலஸ்தானம்.

இனி ஒரு மரத்தடிக்குப் போவோம். தோணி செய்ய நெடுமரம் ஒன்று வேண்டும். கோடரியைத் தூக்குமுன் ‘பனாகி’ செய்தாக வேண்டும். அடிமரத்தருகே இலைகளும் சிறு காணிக்கையும் வைத்து, காட்டு ஆவிகளிடம் எதற்காக வெட்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் காரணத்தைச் சொல்வதுதான் சடங்கின் உயிர்நாடி என்பது என் கருத்து. ‘தோணிக்கு ஒரு மரம்’ என்று சொல்லிவிட்டு நான்கு மரம் வெட்டினால் சொன்ன வாக்கே பொய்யாகிவிடும். வெட்டிய பிறகும் வேலை முடியவில்லை. தோணி முடியும்வரை ‘கேய்கேய்’ என்ற விலக்குகள் உண்டு. இடத்துக்கு இடம் அவை மாறும். தாம்பத்திய விலக்கு, சில உணவு விலக்கு, இதற்கிடையே வேறு பெரிய வேலையைத் தொடங்கக் கூடாது என்பது போன்றவை. நண்பர் சிரிக்கிறார். நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய மரங்களை வீழ்த்த முடியாதபடி அவன் வீட்டுக்குள்ளேயே ஒரு தடை போட்டிருக்கிறார்கள். எந்த வனச்சரகர் வீட்டுக்குள் வந்து இப்படித் தடை போடுவார்?

தோட்டம் போடுவதைப் பாருங்கள். காட்டைத் திருத்திப் பயிரிடும் பல ஊர்களில் வெட்டுவார்கள், காயவிடுவார்கள், கொளுத்துவார்கள். மெந்தாவாயில் கொளுத்துவதில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஈரக்காடு எளிதில் பற்றவும் பற்றாது. முதலில் அடிப்புதரை மட்டும் வெட்டுவார்கள். நிழல் இருக்கும்போதே வாழைக்கன்றும் கிழங்கும் நட்டுவிடுவார்கள். பிறகுதான் பெரிய மரங்களை வீழ்த்துவார்கள். வீழ்ந்த மரம் கிடந்த இடத்திலேயே மட்கும், கிழங்கு அதன் இடுக்கில் மேலெழும். இந்த முறைக்குத் ‘தினுங்குலு’ என்று பெயர். வரிசையை மாற்றி முதலிலேயே மரத்தைச் சாய்த்தால் வெறும் மண்மேல் மழை நேராக அடிக்கும், மேல்மண் ஓடையோடு போய்விடும். வாழை ஓய்ந்ததும் டுரியான், லங்சாட், பலா வளரும். சில பத்தாண்டுகளில் அந்த இடம் பழக்காடாகி, வெளியார் கண்ணுக்குக் கன்னிக்காடு போலத் தெரியும். தொடங்குமுன் இங்கும் பனாகி உண்டு, முடிந்ததும் ஆவிகளுக்கு நன்றி உண்டு.

அடுத்து சேகோ. நம்மூர் ஜவ்வரிசி சேலத்து மரவள்ளிக் கிழங்கில் ஆவது. ‘ஜாவா அரிசி’தான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். அசல் சேகோ சதுப்பில் வளரும் ஒரு பனையின் தண்டு மாவு, மெந்தாவாயின் சோறு அதுதான். அந்தப் பனையைப் பத்துப் பதினைந்து ஆண்டு வளரவிட்டு, பூக்குலை விடுமுன் வெட்ட வேண்டும். பூ வந்துவிட்டால் தண்டில் சேர்ந்த மாவையெல்லாம் பூவே தின்றுவிடும், மிஞ்சுவது நார்தான். துண்டு போட்டு ஓடையில் மிதக்கவிட்டு இழுத்து வருவார்கள். பட்டையைப் பிளந்து, முள் பதித்த பலகையால் தண்டின் உள்சோற்றைத் துருவுவார்கள். துருவலை நீருக்கு மேல் கட்டிய பரணில் கொட்டித் தண்ணீர் ஊற்றி மிதிக்க வேண்டும். பால் போன்ற நீர் வடிகட்டி வழியாகக் கீழே உள்ள பழைய தோணிக்குள் இறங்கும். மாவு அடியில் தங்கியதும் மேல்நீரைச் சாய்த்துவிட்டு, சேகோ ஓலைக் கூடையில் ஈரமாகவே அடைத்து நீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். அப்படியே மாதக்கணக்கில் இருக்கும். கூடை நீருக்கு வெளியே தலைகாட்டினால் பூஞ்சை, கழுவிய நீர் கலங்கல் என்றால் மாவு பழுப்பேறிப் புளிக்கும். நல்ல மரம் ஒன்று 200 கிலோ அளவுக்கு மாவு தரும். கிடக்கும் அடித்துண்டில் வண்டு முட்டையிட்டுக் கொழுத்த புழு விளையும், அது தனி விருந்து. வெட்டிய தூரில் பக்கக்கன்றுகள் தாமே எழும்.

‘இது தொழில்நுட்பம், சடங்கு எங்கே?’ என்று கேட்பீர்கள். வருகிறேன். பெரிய சடங்கு ‘லியா’. வீடு கட்டினால், திருமணம் நடந்தால், நோய் தீர்ந்தால் லியா. லியாவுக்குப் பன்றி வேண்டும். பன்றி தின்பது சேகோத் துண்டு. சேகோவுக்குச் சதுப்பு வேண்டும், மாவு கழுவத் தெளிந்த ஓடை வேண்டும். ஓடை தெளிய மேட்டில் காடு நிற்க வேண்டும். சடங்கு நிற்கும்வரை அந்தச் சதுப்பு வெற்று நிலமாகாது. அரசு வந்து நெல் விதை கொடுத்தது. நெல்லுக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், எலிக்கும் பறவைக்கும் காவல் வேண்டும். சேகோவுக்குக் காவலும் வேண்டாம், களஞ்சியமும் வேண்டாம். ஓடையோரக் குடியேற்ற ஊர்களில் அரசு வீடு கொடுத்து, வீட்டடியில் பன்றி கூடாது என்றது. பன்றி போனால் லியா போகும், லியா போனால் சதுப்பை விற்க மனம் வரும். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தது சட்டம் என்று நடுவர் கவனிக்க வேண்டும்.

எதிரணியின் வலுவான வாதம் வேட்டை. லியா முடிவில் குரங்கு வேட்டை உண்டே, சிமக்கோபு என்ற குட்டைவால் குரங்கு அழிவின் விளிம்பில் நிற்கிறதே என்றார். உண்மை. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் எந்த வேட்டை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய வேட்டை வில் வேட்டை. நச்சிலை, மிளகாய், நச்சுவேர் எல்லாம் இடித்துப் பிழிந்த சாற்றை அம்பு முனையில் பூசி நெருப்பருகே உலர்த்துவார்கள். ஈரம் பட்டால் நஞ்சின் வீரியம் குறையும், மீண்டும் உலர்த்த வேண்டும். ஒரு நாளில் ஒருவன் எத்தனை அம்பு எய்துவிட முடியும்? கிடைத்த இறைச்சியை உமாவின் எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். அந்தப் பங்குக்கு ‘ஒட்சாய்’ என்று பெயர். விற்க எதுவும் மிஞ்சாது. மண்டையோட்டை உமாவில் தொங்கவிட்டு இலையால் அலங்கரிப்பார்கள், கொன்ற உயிர் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று. பிலோ என்ற கிப்பன் குரங்கைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். காட்டைக் காலி செய்தது காற்றுத் துப்பாக்கியும், மரக் கம்பெனி போட்ட சாலையும், காசுக்கு வாங்க ஆள் வந்ததும். விலக்கு தளர்ந்த இடத்தில்தான் குரங்கு குறைந்தது. இது எங்கள் அணிக்கான சாட்சி.

‘துலோ’ என்ற அபராதத்தைச் சட்டக் கணக்கில் எழுதிக்கொள்ள நண்பர் பார்த்தார். விட மாட்டேன். ஒருவர் இறந்தால் அவர் கை கால் அளவை டுரியான் மரத்தில் செதுக்கி வைப்பார்கள், ‘கிரெகாட்’ என்று பெயர். அந்த மரத்தை வெட்டினால் துலோ. பன்றியாகவோ, சேகோ நிலமாகவோ, மரமாகவோ கொடுக்க வேண்டும். அது அரசுக் கருவூலத்துக்குப் போகாது, இறந்தவரின் உறவுக்குப் போகும். செத்தவர் அந்த மரத்தில் நிற்கிறார் என்று நம்புவதால்தான் அபராதத்துக்கே பொருள். நம்பிக்கையை எடுத்துவிட்டால் அது வெறும் பழைய மரம்.

இப்போது சட்டத்தின் கையேட்டைப் புரட்டுவோம். 1954-இல் ஒரு கூட்டம் போட்டு, மூன்று மாதத்துக்குள் கிறிஸ்தவமோ இஸ்லாமோ தேர்ந்தெடுங்கள், பழைய நெறியை விடுங்கள் என்றார்கள். சிகெரேய் எனப்படும் வைத்தியப் பூசாரிகளின் சடங்குப் பொருள்கள் கொளுத்தப்பட்டன. இலையை அறிந்த ஆளைத் துரத்திவிட்டு, இருபது ஆண்டுக்குள் மரம் வெட்ட உரிமம். 1993-இல் பூங்கா அறிவித்த அதே தீவின் வடக்கில், 2000-களில் மறுபடியும் மரம் வெட்ட உரிமம். ஒரு கை வேலி போடுகிறது, மறு கை வாயிற்கதவைத் திறக்கிறது.

நல்ல சட்டமும் உண்டு, சொல்லாமல் விட்டால் அநியாயம். 2013-இல் இந்தோனேசிய அரசியலமைப்பு நீதிமன்றம், பூர்வகுடிகளின் வழக்காற்றுக் காடு அரசுக் காடு அல்ல என்று தீர்ப்பளித்தது. 2017-இல் அதே நீதிமன்றம், பூர்வீக நம்பிக்கை உடையோர் அதை அடையாள அட்டையில் பதியலாம் என்றது. இரண்டு தீர்ப்பும் என்ன சொல்கின்றன? உமாவையும் இலையையும் சட்டம் தேடி வந்து ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்று மெந்தாவாயில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்விட்டு, வீட்டில் நோய் என்றால் சிகெரேயைக் கூப்பிடும் குடும்பங்கள் சிபெருட்டில் இன்னும் உண்டு. உடலை விட்டு அலையும் உயிரை மணியடித்துப் பாடி அழைக்கவும், மருந்து அரைக்கவும் அவருக்குப் பல வகை இலை வேண்டும். காடு இல்லாமல் அவர் வெறும் மணியடிப்பவர்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். பூங்கா எல்லைக்குள் ஓர் உமா தோணிக்கு மரம் வெட்ட வேண்டும். யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவீர்கள். அந்த விண்ணப்பத்தில், இந்த மரத்தில் யாருடைய பாட்டன் கை செதுக்கியிருக்கிறது என்று கேட்கும் கட்டம் எத்தனையாவது? நன்றி, வணக்கம்.