சிவந்த தங்கமும் இரத்தத்தின் உப்பும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1857இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே தயாரித்த தங்க நீர்மம், நகைக்கடைத் தங்கத்தைப் போல மஞ்சளாக இல்லாமல் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. அதில் மிதப்பது மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று அவர் சரியாக ஊகித்தார். சிறிது உப்பைச் சேர்த்ததும் அது நீலமாக மாறுவதையும் கண்டார். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு சிட்டிகை உப்பைப் பற்றித்தான்.

தங்க நானோத்துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவுற்று, சுமார் 520 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள பச்சை ஒளியை உறிஞ்சுவதால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் அந்த அலைவுகள் பிணைந்து, உறிஞ்சப்படும் ஒளி சிவப்பை நோக்கி நகர, நீர்மம் நீலமாகிறது.

நெருங்க வைப்பது, மிக அருகில் வரும் துகள்களுக்கிடையே இயல்பாக எழும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு. விலக்கி வைப்பது, துகளின் மேல் ஒட்டிய சிட்ரேட் போன்ற அயனிகளின் எதிர்மின்னேற்றம். உப்பின் அயனிகள் துகளைச் சூழ்ந்து அந்த மின்னேற்றத்தை மறைத்துவிடுகின்றன. மிக நீர்த்த உப்புக் கரைசலில் ஏறத்தாழ 10 நானோமீட்டர் தூரம் எட்டும் விலக்கம், நம் இரத்தத்தின் உப்பளவில் 1 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடக் குடுவையில் மாதக்கணக்கில் நிலைத்து நின்ற துகள், மேற்பூச்சின்றி நாளத்துக்குள் போனால் திரண்டுவிடக் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, இரத்தப் புரதங்களும் உடனே அதன்மேல் படிந்து, அயற்பொருள்களை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களுக்கு அதை அடையாளம் காட்டிவிடுகின்றன. ஆகவேதான் மருந்து சுமக்கும் துகள்களின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பும் இழைகளை நட்டு வைக்கிறார்கள். 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில் என்னும் புற்றுநோய் மருந்தின் கொழுப்புக் குமிழிகள், அப்படிப் போர்த்தப்பட்டுச் சுமார் 100 நானோமீட்டர் அளவில் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றி வருகின்றன.

புரதம் ஒட்டுவது எப்போதும் தொல்லையன்று. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில், ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம்) போர்த்திய தங்கத் துகள்களே இருக்கின்றன. சிறுநீரில், கர்ப்பக் காலத்தில் சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோன் இருந்தால் துகள்கள் அதைப் பற்றிக்கொண்டு நகர்ந்து, கோட்டில் காத்திருக்கும் மற்றொரு ஆன்டிபாடியிடம் சிக்கிக்கொள்கின்றன. பலரும் சாயம் என்று நினைக்கும் அந்தக் கோடு உண்மையில் தங்கம்; சிறுநீரிலும் உப்பு ஏராளம் உண்டென்றாலும், புரதப் போர்வை துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதால் கோடு நீலமாகாமல் சிவப்பாகவே தோன்றுகிறது.