கண்ணுக்கு எண்ணெய்

எல்லோருக்கும் வணக்கம். கண் எரிகிறது என்று வருகிறவர்களில் பலர் இப்போது கையில் ஒரு டப்பாவோடு வருகிறார்கள். ஆளி விதை எண்ணெய்க் குளிகை. "இதைச் சாப்பிடலாமா, டாக்டர்?" என்று கேட்பதில்லை. "எத்தனை சாப்பிடணும்?" என்றுதான் கேட்கிறார்கள்!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமை ஓரத்தில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் அதைத் தருகின்றன. அந்தப் படலம் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். சரி, எண்ணெய்தானே குறைகிறது, எண்ணெய் சாப்பிட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 'ட்ரீம்' என்று பெயர். 2018-இல் முடிவு வந்தது. கண் உலர்ந்து அவதிப்பட்ட 535 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து, மீன் எண்ணெயிலிருந்து. மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, சோதித்த டாக்டருக்கும் தெரியாது. 12 மாதம் கழித்துப் பார்த்தால் மீன் எண்ணெய்த் தரப்பில் 61 சதவீதம் பேருக்குத் தொந்தரவு நன்றாகக் குறைந்திருந்தது. ஆலிவ் தரப்பில் 54 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி.

இதில் ஒரு வேடிக்கை. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆலிவ் எண்ணெயும் தாவர எண்ணெய்தானே? 'அப்படியானால் அதுவும் வேலை செய்திருக்கிறது' என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எதுவுமே சாப்பிடாத ஒரு குழு அந்தச் சோதனையில் இல்லை. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே பாதி உறுத்தலைத் தணித்துவிடும்.

ஆளி விதைக்கு இன்னொரு சிக்கல். அதில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. மீனில் இருக்கும் வகையாக உடம்புதான் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மாறுவதோ மிகக் கொஞ்சம். பொடித்துச் சட்னியில் போட்டுச் சாப்பிடுங்கள், நார்ச்சத்தாவது கிடைக்கும்.

அப்புறம் நம் விளக்கெண்ணெய். சில சொட்டு மருந்துகளில் ஆமணக்கெண்ணெய் இருப்பது உண்மைதான். அது சுத்திகரித்து, கிருமி நீக்கிச் சேர்த்தது. பாட்டி சொன்னாள் என்று கடை எண்ணெயைக் கண்ணில் விடாதீர்கள். வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் பத்து நிமிடம் வையுங்கள். அடைத்துக்கொண்டிருக்கும் சுரப்பி எண்ணெய் இளகும்.

இவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருமுறை கண்ணை நன்றாக மூடித் திறங்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம்.